சோபாவும் டிவி யூனிட்டும் ஏற்கெனவே இருக்கிறது, ஷோகேஸை எதற்குப் பொருத்தி எடுப்பது?

ஜூன் 2, காலை 9.10 (கேள்வி)

ஹாலில் அடர் பழுப்புத் துணிச் சோபா, தேக்கு டீப்பாய், எதிர்ச் சுவரில் பழுப்பு லேமினேட் ஒட்டிய டிவி யூனிட் (180 செ.மீ. நீளம், 50 உயரம், 40 ஆழம்). யூனிட் முடிகிற இடத்திலிருந்து மூலைவரை 110 செ.மீ. சுவர் சும்மா கிடக்கிறது. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் வேண்டும். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால்தான் செட்டாகத் தெரியும். அதனால் அதே பழுப்பு லேமினேட்டில், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) உடம்போடு 210 உயரம், 100 அகலம், 40 ஆழம் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். உள்ளே பித்தளைச் சாமான், பீங்கான், சங்கு, சிப்பி, இரண்டு வெள்ளிக் கிண்ணம். மேல்தட்டில் கனமான படப் புத்தகங்கள். தட்டெல்லாம் கண்ணாடி. எங்கேயாவது இடிக்கிறதா?

ஜூன் 2, காலை 10.25 (பதில்)

மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலில் நிறம்.

தேக்கு வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்பழுப்பாக மாறிக்கொண்டே இருக்கும். செர்ரி கறுத்துக்கொண்டு போகும், வால்நட் வெளுத்துக்கொண்டு வரும். லேமினேட் அச்சடித்த தாள். வாங்கிய அன்றைக்கு என்ன நிறமோ பெரும்பாலும் அதிலேயே நிற்கும். ஆக டீப்பாயும் யூனிட்டும் இன்றைக்கு ஒத்துப்போனாலும் இரண்டு வருஷத்தில் தனித்தனி வழி போய்விடும். அதற்கு நடுவே மூன்றாவதாக ஒரு பழுப்பு வந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றாக இருக்காது. கண் அதைத்தான் மன்னிக்காது. நன்றாக விலகிய நிறத்தை வேண்டுமென்றே வைத்தது என்று எடுத்துக்கொள்ளும். அரைகுறையாக விலகியதைப் பார்த்தால் கடையில் தேடிக் கிடைக்காமல் வாங்கியதாக நினைக்கும்.

லேமினேட்டோடு லேமினேட் பொருந்த வேண்டுமானால் பழைய ஷீட்டின் எண் தெரிய வேண்டும். யூனிட்டின் பின்புறத்திலோ டிராயர் அடியிலோ மிச்சத் துண்டு ஒட்டியிருந்தால் எண் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஜூன் 2, காலை 10.50

நிறத்தைவிட முன்னால் கண்ணில் படுவது பளபளப்பு. மேலே எழுத விட்டுப்போயிற்று. அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பலகையின் மேல் சாய்வாக அடியுங்கள். விளக்கின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் கிளாஸி. மங்கலான வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் சாட்டின். ஒன்றுமே திரளாமல் பரவினால் மேட். டீப்பாய், யூனிட் இரண்டிலும் பாருங்கள். இரண்டும் சாட்டின் என்றால் ஷோகேஸும் சாட்டினாகவே இருக்கட்டும். நிறம் எவ்வளவு விலகினாலும் பளபளப்பு ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒரே வீட்டுச் சாமானாகத் தெரியும். ஒரே நிறத்தில் ஒன்று மேட், ஒன்று கிளாஸி என்றால் எப்போதும் பிரிந்தே நிற்கும்.

சாம்பிள் பார்க்கிறபோது அரையடிக்காவது கேளுங்கள். விரல் அகலத் துண்டில் மரக்கோடு தெரியாது, நிறமும் இருட்டாகவே தெரியும். நிற்கப்போகிற இடத்தில், நிற்கப்போகிற மாதிரியே செங்குத்தாகச் சாத்தி வைத்துப் பகலில் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பார்க்கவும். பகலில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பழுப்பு, இரவு விளக்கில் ஒன்று சிவப்பும் ஒன்று பச்சையுமாகப் பிரியும். சாயம் வேறு வேறாக இருப்பதுதான் காரணம், கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

ஜூன் 2, மாலை 6.40

அடுத்தது அகலம். 110 இடத்தில் 100 வைத்தால் பக்கத்துக்கு 5 செ.மீ. மிஞ்சும். அந்த 5 செ.மீ.யில் கையும் நுழையாது, துடைப்பமும் நுழையாது. தூசி மட்டும் போகும். அதைவிட முக்கியம் மூலைப் பக்கக் கதவு. 50 செ.மீ. கதவு 90 டிகிரியைத் தாண்டித் திறக்கிறபோது கைப்பிடி பக்கச் சுவரில் இடிக்கும். சுவர்ப் பூச்சில் முதலில் ஒரு புள்ளி விழும், பிறகு குழி விழும், பிறகு கீலின் திருகு தளரும்.

வழி இரண்டுதான். 110 முழுவதையும் அடைத்துச் செய்து, மூலைப் பக்கம் 5 செ.மீ. பட்டி அடித்து, அதற்கு அப்பால் கதவைத் தொடங்கலாம். அப்போது அது சுவரோடு சேர்ந்த அலமாரியாகிவிடும். இல்லாவிட்டால் 85 அகலத்தில் தனியாக நிற்க விட்டு, மூலைப் பக்கம் 15, யூனிட் பக்கம் 10 என்று இடம் கொடுக்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. சோபாவும் டீப்பாயும் காலில் நிற்கிற சாமான். காலில் நிற்கிற ஷோகேஸ் அவற்றோடு சேரும்.

கால் என்றால் தரையிலிருந்து 15 செ.மீ.யாவது இருக்க வேண்டும். 6, 7 செ.மீ. கால் வைப்பதற்குப் பதில் தரையோடு பெட்டியாகவே வைத்துவிடலாம். குனிந்தாலும் எட்டாத தூசி அங்கேதான் சேரும்.

ஜூன் 2, இரவு 9.15

உயரம். 50 உயர யூனிட்டுக்குப் பக்கத்தில் 210 நிறுத்தினால் சமவெளி நடுவே தூண் நட்டதுபோல இருக்கும். 180க்குக் குறைக்கலாம். நின்று பார்க்கிறவர் கண் மட்டம் 150 முதல் 160. சோபாவில் உட்கார்ந்தால் 110 வாக்கில் வரும். கண்ணாடித் தட்டு 160க்கு மேல் போனால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது சாமானின் அடிப்பாகம் மட்டுமே. நல்ல பொருள் எல்லாம் 90க்கும் 150க்கும் நடுவே வரட்டும்.

ஜூன் 3, காலை 7.30 (கேட்டவர்)

பக்கச் சுவரில் வாசல் நிலை 212 செ.மீ. அதற்கு ஒட்டித்தான் 210 என்று எடுத்தேன்.

ஜூன் 3, காலை 8.05

அப்படியானால் நேற்று சொன்னதைத் திருத்துகிறேன். நிலையின் மேல்விளிம்போடு ஒரே கோடாகப் போனால் 210 வகை உயரம் தூணாகத் தெரியாது, நிலைக்குத் துணையாக நிற்கும். ஆனால் 212க்கு 210 என்பது மறுபடியும் அரைகுறை. எதிரே நின்று பார்த்தால் இரண்டு செ.மீ. படி தெளிவாகத் தெரியும். 212 என்றால் 212தான். அட்ஜஸ்ட் செய்கிற திருகுக் கால் போட்டால் 1, 2 செ.மீ. ஏற்றி இறக்கலாம், அதைக் கணக்கில் வைத்து உடம்பை 211 செய்யச் சொல்லுங்கள். கோடு பிடிக்கவில்லை என்றால் குறைந்தது 20 செ.மீ. கீழே இறக்குங்கள்.

இன்னொரு கோடும் உண்டு: டிவியின் மேல்விளிம்பு. சுவரில் மாட்டிய டிவி என்றால் அதன் மேல்விளிம்பும் ஷோகேஸின் ஒரு தட்டும் ஒரே மட்டத்தில் வரும்படி பார்க்கலாம். அலமாரியின் மொத்த உயரம் வேறாக இருந்தாலும் உள்ளே அந்த ஒரு தட்டு சுவர் முழுவதையும் கட்டிப் போடும். அதேபோல யூனிட்டின் 50 செ.மீ. மட்டத்தில் ஷோகேஸின் கீழ்க்கதவு முடிந்து கண்ணாடி தொடங்கினால் யூனிட்டின் கோடு அப்படியே தொடர்ந்து ஓடும். ஒரே மரம் தேடி அலைவதைவிட இந்த 50 செ.மீ. கோடு அதிகம் உதவும்.

ஜூன் 3, மதியம் 1.20

ஆழம் 40 ஏன்? யூனிட் 40 என்பதாலா? வெளி அளவு 40 என்றால் பின்பலகை இறங்குகிற காடியும் (பள்ளம்) கதவும் போக உள்ளே 36 நிற்கும். 36இல் சாமான் இரண்டு வரிசையாகும், பின்வரிசையை யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே 28 முதல் 30 போதும், வெளியே 35 எடுங்கள்.

ஆர்டர் கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். வைக்கப்போகிற பொருள் அத்தனையையும் தரையில் பழைய செய்தித்தாள் விரித்து வைக்கவும். 80 செ.மீ.க்கு 28 செ.மீ. கட்டம் டேப்பால் ஒட்டி அதற்குள் அடுக்கிப் பார்க்கவும். பொருளுக்குப் பொருள் இடைவெளி விட்டு ஒரு தட்டில் 5, 6 தான் பிடிக்கும். எத்தனை கட்டம் ஆகிறதோ அத்தனை தட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் உயரமான பொருளை அளந்து 6 செ.மீ. கூட்டுங்கள், கை உள்ளே போய்ப் பொருளைத் தூக்கி எடுக்க அவ்வளவு வேண்டும். நிமிர்த்தி வைக்கிற தட்டுக்கு, அதாவது பீங்கான் தட்டுக்கு, ஸ்டாண்டோடு 12 செ.மீ. ஆழம் போதும். ஆனால் அது வழுக்காமல் இருக்கத் தட்டில் கோடு வெட்ட வேண்டியிருக்கும், கண்ணாடியில் அதைச் சுலபமாகச் செய்ய முடியாது. சின்ன ரப்பர் பட்டன் ஒட்டலாம்.

ஜூன் 3, இரவு 8.50

புத்தகம். மேல்தட்டில், கண்ணாடியின் மேல் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியின் எடை சுலபமான கணக்கு: ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. 90க்கு 30 செ.மீ., 6 மி.மீ. தட்டு சுமார் 4 கிலோ. அதன் மேல் 10 கிலோ பரப்பி வைத்தால் நடுவில் மூன்றரை மி.மீ. அளவு தொய்யும். சாதாரணக் கண்ணாடிக்கு நீண்ட நாள் சுமையாக அதுவே எல்லை. படப் புத்தகம் மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் போகும். 8 மி.மீ. எடுத்தால் அதே 10 கிலோவுக்குத் தொய்வு பாதிக்கும் கீழே வரும். கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, அதனால்தான் இரண்டு மி.மீ. இவ்வளவு மாற்றுகிறது. அதைவிட நல்ல வழி நடுவே ஒரு செங்குத்துப் பலகை வைத்து 90ஐ 45 ஆக்குவது. அதே சுமையைப் பாதி நீளம் தாங்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்கு.

புத்தகத்துக்குக் கீழ்ப்பெட்டியில் 18 மி.மீ. பிளைவுட் தட்டு போடுங்கள். முன்விளிம்பில் 4 செ.மீ. இறங்குகிற மரப்பட்டியைப் பசை வைத்து ஒட்டினால் இன்னும் விறைக்கும். பார்ட்டிகிள் போர்டில் (மரத்துகளை அழுத்திய பலகை) போட்டால் முதல் நாள் நேராகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும், புத்தகத்தை எடுத்த பிறகும் திரும்பி நிமிராது. மீட்டருக்கு 2, 3 மி.மீ. தொய்ந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 4, காலை 9.00

கண்ணாடி ஆர்டர் கொடுக்கிற விதம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். இங்கேயே போடுகிறேன்.

கதவுக்கும் தட்டுக்கும் டஃபன்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி எடுங்கள். உடைந்தால் கத்தித் துண்டாகாமல் சிறு சிறு பருக்கையாகக் கொட்டும். டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ விளிம்பு தேய்க்கவோ முடியாது, தொட்டால் முழுதும் நொறுங்கிவிடும். ஆகவே கூடு செய்து முடித்த பிறகுதான் அளவு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டு இடத்திலும் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்து, குறைந்ததில் 3 மி.மீ. கழிக்கவும். நான்கு விளிம்பும் பாலிஷ், மூலை நான்கும் லேசாக மழுக்கல் என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே "டஃபன்டு 8 எம்.எம்." என்று சொன்னால் முன்விளிம்பு ஒன்றை மட்டும் தேய்த்து அனுப்புவார்கள்.

டஃபன்டின் பலவீனம் விளிம்பு. நடுவில் தட்டினால் தாங்கும். கழுவக் கழற்றிய தட்டை டைல்ஸ் தரையில் விளிம்பு படும்படி சாத்தினால் அந்த இடத்திலேயே கொட்டிவிடும். அட்டையோ மடித்த போர்வையோ போட்டு அதன் மேல் வையுங்கள்.

சாதாரணக் கண்ணாடியில் இரும்புச்சத்து இருப்பதால் விளிம்பு பச்சையாகத் தெரியும். வெள்ளைப் பீங்கான் அதிகம் என்றால் இரும்பு குறைந்த தெளிந்த கண்ணாடி கேட்கலாம். பித்தளைக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

ஜூன் 4, காலை 11.30

தூசி. கதவுக்கும் கதவுக்கும் இடையே 2, 3 மி.மீ. சந்து இருந்தே ஆக வேண்டும். அதில் பிரஷ் பட்டியோ மெல்லிய சிலிக்கான் இதழோ ஒட்டினால் தூசி பாதி குறையும். யாரும் பார்க்காத இடம் பின்பலகை. 3 மி.மீ. பலகையை ஸ்டேப்பிளால் அடித்து விட்டால் சுற்றிலும் சந்துதான். காடியில் இறக்கிப் பசை வைத்தால் தூசியும் வராது, கூடும் சாயாது. நகர்த்திக் கதவு என்றால் எப்போதும் பாதி ஷோகேஸ் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், கீழ்ச் சானலில் தூசி சேர்ந்து இழுக்கும். இடம் இல்லாதபோது மட்டும் அது.

எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ அவ்வளவு நல்லது.

ஜூன் 4, மாலை 5.45

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். கேள்வியில் சங்கு, சிப்பி என்று இருந்ததைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

மரம், எம்.டி.எஃப்., பிளைவுட் எல்லாமே மெல்லிய அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஓக்கில் அசிட்டிக் அமிலம் அதிகம். எம்.டி.எஃப். பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். திறந்த அறையில் அது கலைந்து போகும். இறுக்கி மூடிய அலமாரியில் தங்கும். சங்கும் சிப்பியும் சுண்ணாம்பு, அமிலம் பட்டால் மேலே வெள்ளையாகப் பொடி பூக்கும். துடைத்தால் போகும், சில மாதத்தில் மறுபடி வரும், ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் கொஞ்சம் கரைந்திருக்கும். நக்கினால் புளிக்கும் என்று பழைய சேகரிப்பாளர்கள் சொல்வார்கள், நக்கிப் பார்க்க வேண்டாம். இதற்கு பைன் நோய் என்று பெயர். 1899இல் லாஃப்டஸ் பைன் எழுதியதை வைத்து வந்த பெயர். பெயர்தான் நோய், கிருமி எதுவும் இல்லை.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் வேறு: கந்தகம். ரப்பர், கம்பளி ஃபெல்ட், சில வெல்வெட் துணி இவற்றிலிருந்து வரும். நான் நேற்று பீங்கான் தட்டுக்குச் சொன்ன ரப்பர் பட்டன் வெள்ளிக் கிண்ணம் இருக்கிற அலமாரிக்கே வேண்டாம், தெளிந்த சிலிக்கான் பட்டன் வாங்குங்கள். தட்டில் துணி விரிக்க வேண்டுமானால் சாயம் போடாத, துவைத்த பருத்தி.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் கொண்டுவந்த சோதனை ஒன்று இருக்கிறது. வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளைச் சந்தேகப்படுகிற பொருளோடு ஒரே குப்பியில், கொஞ்சம் ஈரத்தோடு மூடி 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். தகட்டில் மாற்றம் இருந்தால் அந்தப் பலகையோ துணியோ காட்சிப் பெட்டிக்கு ஆகாது. வீட்டில் அதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மியூசியப் பெட்டிகளில் உலோகமும் கண்ணாடியுமாகத் தெரிவது எதனால் என்று இதில் புரியும்.

ஜூன் 4, மாலை 6.10

சிலிக்கான் பசையும் இரண்டு வகை. ஒட்டுகிறபோது வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை. கண்ணாடிக் கதவில் அதைப் பூசி உடனே சிப்பியை உள்ளே வைத்தால் மேலே சொன்னதுதான் நடக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். முகம் பார்க்கிற கண்ணாடி ஒட்டுவதற்கும் அதுதான், மற்ற வகை பின்பக்க வெள்ளிப்பூச்சை அரித்துக் கறுப்புத் திட்டு உண்டாக்கும்.

ஜூன் 5, காலை 8.15 (கேட்டவர்)

அப்படியானால் எம்.டி.எஃப். வேண்டாமா? எதில் செய்வது? நிறத்துக்கு என்ன வழி?

ஜூன் 5, காலை 9.40

இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வருகிறது. பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூளையில் வேகவைக்கிற பெயிண்ட்) செய்த உலோகச் சட்டம், பக்கமும் கதவும் கண்ணாடி. பவுடர் கோட்டிங் நன்றாகச் சூளையில் வெந்திருந்தால் ஆவி பிரச்சினை இல்லை. உலோகச் சட்டம் மரத்தோடு போட்டியே போடாது. உங்கள் டிவியின் விளிம்பும் பெரும்பாலும் கறுப்பு. சோபாக் கால், விளக்குத் தண்டு, ஜன்னல் கம்பி என்று அறையில் ஏற்கெனவே எந்த உலோக நிறம் இரண்டு இடத்தில் இருக்கிறதோ அதையே மூன்றாவதாக எடுங்கள். பளபளப்பு மேலே சொன்ன டார்ச் சோதனைப்படி.

மரம் இல்லாமல் மனசு ஒப்பவில்லை என்றால் கீழ் 50 செ.மீ. பெட்டியை மட்டும் மரத்தில் செய்து மேலே உலோகமும் கண்ணாடியும் வைக்கலாம். புத்தகம் கீழே, சிப்பி மேலே. நடுவே மூடிய தளம் இருக்கட்டும். கீழ்ப்பெட்டியின் மரம் டீப்பாயோடு பொருந்தும் தேக்கு வெனீர் (பலகை மேல் ஒட்டுகிற மெல்லிய மரத்தகடு). டீப்பாய் 3 மீட்டர் தள்ளி இருக்கும், ஒட்டினாற்போல் நிற்கிற யூனிட் லேமினேட்டோடு ஒப்பிடுவதுதான் கண்ணை உறுத்தும் என்றால் பெட்டியையும் சட்டத்தின் நிறத்திலேயே பூசிவிடுங்கள்.

எம்.டி.எஃப்.பில் கூடு ஏற்கெனவே செய்தாயிற்று என்கிறவர்களுக்கு: வெட்டிய விளிம்பு, திருகுத் துளை, பின்பக்கம் எதையும் பச்சையாக விடாமல் மூடுங்கள், ஆவி அதிகம் வருவது அங்கேதான். ஒரு மாதம் கதவைத் திறந்து காயப்போட்டு வாடை போன பிறகு அடுக்கவும். சிப்பிக்கு மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும், தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 5, மதியம் 2.30

எடை. 85 அகலம், 180 உயரம் என்று வைத்தால் கதவும் பக்கமும் 4 மி.மீ. கண்ணாடியில் 26 கிலோ, 8 மி.மீ. தட்டு நான்கு 19 கிலோ. கண்ணாடியே 45 கிலோ, அத்தனையும் 35 செ.மீ. ஆழமுள்ள ஒரு அடித்தளத்தின் மேல். கதவு இரண்டையும் திறந்தால் 14 கிலோ முன்னால் வந்துவிடும். குழந்தை கீழ்த்தட்டைப் பிடித்துத் தொங்கினால் சாயும். மேலே இரண்டு இடத்தில் சுவரோடு கோண இரும்பு போட்டுத் திருகுவது கட்டாயம். செங்கல் சுவர் என்றால் 8 மி.மீ. பிளக் (திருகைப் பிடிக்கச் சுவரில் செருகுகிற உறை), பூச்சின் கனத்தைத் தாண்டிச் செங்கலுக்குள் 4 செ.மீ. இறங்க வேண்டும். பூச்சிலேயே நின்ற பிளக் கையால் இழுத்தால் வரும். ஓட்டைக் கல் சுவருக்கு அதற்கென்று விரிகிற பிளக் வேறு. துளை போடுமுன் அருகே ஸ்விட்ச் பாக்ஸ் இருந்தால் அதற்கு நேர் மேலும் நேர் கீழும் தவிர்க்கவும், ஒயர் அந்தக் கோட்டில்தான் போகும்.

சுவரிலிருந்து 2 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். ஈரம் ஏறுகிற சுவர் என்றால் 5.

ஜூன் 6, காலை 10.00

விளக்கு பற்றிக் கேட்டிருந்தார்கள். மேலே ஒரு ஸ்பாட் போட்டால் முதல் தட்டுக்கு வெளிச்சம், கடைசித் தட்டுக்கு மேல்தட்டுச் சாமானின் நிழல். மரத்தட்டு என்றால் முதல் தட்டோடு சரி. முன் இரண்டு செங்குத்துச் சட்டத்தின் உட்புறம், பின்மூலையைப் பார்த்து 45 டிகிரியில் எல்.இ.டி. ஸ்ட்ரிப். அலுமினியச் சானலில், பால் நிற மூடியோடு. வெறும் ஸ்ட்ரிப் ஒட்டினால் பித்தளைச் செம்பில் வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சானல் சூட்டையும் இழுத்துவிடும்.

மீட்டருக்கு 4.8 வாட் போதும், இரண்டு பக்கம் 1.7 மீட்டர் என்றால் சேர்த்து 16 வாட். டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தருகிற பெட்டி) அதற்கு 20 சதவீதமாவது கூடுதலாக, 20 முதல் 25 வாட். டிரைவரை ஷோகேஸுக்கு வெளியே, கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். முதலில் கெட்டுப்போவது அதுதான், சூடும் அதில்தான். வெளிச்சத்தின் நிறம் (கெல்வின் எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை) பித்தளைக்கு 3000 கெல்வின், வெள்ளைப் பீங்கானுக்கு 4000. இரண்டும் இருந்தால் ஹால் விளக்கு எதுவோ அது. நிறம் காட்டும் திறன், அதாவது சி.ஆர்.ஐ., 90க்கு மேல். 80 போட்டால் பித்தளை சோர்ந்து பச்சையோடும்.

ஜூன் 6, மதியம் 12.20 (இன்னொருவர்)

பின்பலகைக்கு முகம் பார்க்கிற கண்ணாடி வைத்தால் பெரிதாகத் தெரியுமே?

ஜூன் 6, மதியம் 12.55

பெரிதாகத் தெரியும், இரண்டு மடங்கு நெரிசலாகவும் தெரியும். பொருளின் பின்பக்க ஒட்டு, விலைச்சீட்டின் தடம், எல்.இ.டி. கோடு எல்லாம் தெரியும். பத்துப் பொருளுக்குக் குறைவாக, சுற்றிலும் வேலைப்பாடு உள்ளதாக இருந்தால் வைக்கலாம். பித்தளைக்கு அடர்ந்த பின்பலகை, வெள்ளைப் பீங்கானுக்கும் அதுவே. பழுப்புப் பலகைக்கு முன்னால் பித்தளை தொலைந்து போகும், கேள்வியில் இருந்த ஒரே நிறத் திட்டத்துக்கு இதுவும் ஒரு எதிர்வாதம். சோபாத் துணியின் நிறத்தை அங்கே கொண்டுவரலாம்.

கதவுக் கண்ணாடியில் ஜன்னல் விழுகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அணைத்த போனையோ டேப்லெட்டையோ ஷோகேஸ் நிற்கப்போகிற இடத்தில் நிமிர்த்திப் பிடித்து, சோபாவிலிருந்து இன்னொருவர் பார்க்கட்டும். எதிர் ஜன்னல் அதில் தெரிந்தால் பகல் முழுதும் ஷோகேஸிலும் அதுதான் தெரியும். நேர் வெயில் விழுந்தால் துணி, புகைப்படம் வெளுக்கும். ஜன்னல் கண்ணாடியும் கதவுக் கண்ணாடியும் சேர்ந்தாலும் அதை முழுதும் தடுக்காது.

ஜூன் 8, காலை 9.30 (கேட்டவர்)

85 அகலம், 35 ஆழம், 212 உயரம், கறுப்பு உலோகம் என்று எடுத்துவிட்டேன். கீழே மரப்பெட்டி. நிறுத்துகிறபோது என்ன கவனிக்க வேண்டும்?

ஜூன் 8, காலை 10.45

படுக்க வைத்துக் கொண்டுவந்து நிமிர்த்துகிறபோது மேல்மூலை 212க்கு மேலே போகும். உயரத்தின் வர்க்கமும் ஆழத்தின் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம். 212க்கும் 35க்கும் 215 வரும். சீலிங் இடிக்காது, ஆனால் ஃபேன் இறக்கை எங்கே என்று பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும்.

நின்ற பிறகு வரிசை முக்கியம். முதலில் ரசமட்டம்: பக்கவாட்டில், பிறகு முன்பின்னாக. திருகுக் காலைச் சுற்றிச் சரிசெய்யவும். அடுத்து கூட்டின் முன்பக்க மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளக்கவும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூடு முறுகியிருக்கிறது, இன்னும் ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. அதற்குப் பிறகு சுவரோடு திருகு. கடைசியில்தான் கதவு. பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: கதவு ஏறுமாறாக நிற்கிறதென்று முதலில் கீலைத் திருகுவார்கள், கீல் தரும் 2 மி.மீ. தீர்ந்துபோகும், பிறகு காலைச் சரிசெய்தால் கதவு எதிர்ப்பக்கம் ஏறும்.

மரச்சட்டக் கதவுக்கு 35 மி.மீ. குழி ஆட்டோ கீல்: கதவு 90 செ.மீ. வரை 2, 160 வரை 3, அதற்கு மேல் 4. கீலில் கதவுப் பக்கம் இருக்கிற முதல் திருகு கதவை இடம் வலமாக நகர்த்தும், பின் திருகு உள்ளே வெளியே, அடித்தட்டின் திருகு மேலே கீழே. அரைச் சுற்று, கதவை மூடிப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. உங்களுடையது உலோகச் சட்டக் கதவு என்றால் மேலும் கீழும் முளையில் சுழலும். அதில் திருத்த இடம் குறைவு, ஆகவே ரசமட்டம் இன்னும் முக்கியம்.

ஜூன் 8, இரவு 7.20

தட்டைத் தாங்கும் பின் (துளையில் செருகுகிற சிறு முளை) பற்றிச் சொல்லவில்லை. துளை 5 மி.மீ., 32 மி.மீ.க்கு ஒன்று என்பது வழக்கமான அளவு, அந்த அளவில் கேட்டால் பின் எங்கும் கிடைக்கும். கண்ணாடித் தட்டுக்கு ரப்பர் தொப்பி போட்ட பின் கொடுப்பார்கள். வெள்ளி இருக்கிற மேல்பகுதிக்குச் சிலிக்கான் தொப்பியாக மாற்றிக்கொள்ளுங்கள். தட்டு நான்கு பின்னிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மூன்றில் உட்கார்ந்து ஒன்றில் ஆடுகிற கண்ணாடி என்றைக்காவது அந்த மூலையில்தான் விடும்.

ஜூன் 11, காலை 8.00

கண்ணாடி துடைப்பதற்கு: திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்கவும், கதவில் நேராக அடிக்க வேண்டாம். வழிந்து கீழ்ச் சட்டத்தின் காடியில் தேங்கும். அதற்குக் கீழே உங்கள் மரப்பெட்டியின் மேல்விளிம்பு இருக்கிறது. வெனீர் முதலில் உப்புவது அங்கேதான்.